நாச்சாயி காதுக்காக நின்ற தறிகள்

2018 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை காலை 10.20 மணிக்கு, கரட்டுவலசில் ஓடிக்கொண்டிருந்த மூவாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு விசைத்தறிகளும் நாச்சாயி என்ற தறிக்காரியின் இடது காதுக்காக நிறுத்தப்பட்டன. நாச்சாயி அப்போது ஊரில் இல்லை. நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், காதுக்குப் பின்னால் நான்கு விரல் அகலத்துக்கு முடி மழித்து, மயக்க மருந்து கொடுத்து, பச்சைத் துணிக்கு அடியில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஊரில் தறி ஓடினால் அங்கே அவள் காதுக்குள் இருக்கும் நீர் ஆடியது. நீர் ஆடினால் டாக்டரால் பழுதில்லாமல் கம்பி நுழைக்க முடியாது. ஆகவே ஊர் நின்றது. காரணம் அவ்வளவுதான். அதைப் பற்றிக் கரட்டுவலசில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

கரட்டுவலசுக்குத் தறி வந்து அறுபது வருஷம் ஆகிறது. அறுபது வருஷமாக அந்த ஊரில் யாரும் மெல்லப் பேசியதில்லை. ஆசையைச் சொல்வதானாலும் துக்கம் கேட்பதானாலும் கத்தித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் கையால் சொல்ல வேண்டும் என்று ஆகி, தறி ஓடும் குடோனுக்குள் கையே வாயாகி, இரண்டு விரலை முறுக்கினால் நூல் அறுந்தது என்றும், முஷ்டியை உள்ளங்கையில் வைத்தால் தறியை நிறுத்து என்றும், கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ வந்துவிட்டது என்றும், நெற்றியில் விரலால் கோடு போட்டால் முதலாளி வருகிறார் என்றும் ஆகி, கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்கள் கரட்டுவலசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தறி நின்றாலும் காதுக்குள் அது நிற்பதில்லை. கரண்ட் போனால், பொங்கலுக்கு மூடினால், வெளியூர் போனால், மூன்று நாள் வரைக்கும் டக்கடிக் டக்கடிக் என்று உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்கு அங்கே ‘நின்ன தறி’ என்று பெயர். நின்ன தறி ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நாச்சாயிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பதினேழு வயதில் தறிக்கு வந்தவள். கட்டிக்கொண்டவன் பதினோரு மாதம் இருந்துவிட்டுப் பிழைப்புக்கென்று சூரத்துக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் ஆகிவிட்டான், பிள்ளை இல்லை, லைன் வீட்டில் மூன்றாவது கதவு அவளுடையது. வலது காது ஐந்து வயதில் வந்த மூளைக்காய்ச்சலோடு போய்விட்டது. இடது காது ஒரேயடியாகப் போகவில்லை, மெல்லிய சத்தத்திலிருந்து தடித்த சத்தம் வரைக்கும் வரிசை வைத்துப் போனது: முதலில் குருவி போனது, பிறகு கொலுசு, பிறகு குக்கர் விசில், பிறகு குழந்தைகளின் அழுகை, பிறகு பெண்கள் பேச்சு, பிறகு ஆண்கள் பேச்சு, எல்லாம் போய், நாற்பது வயதுக்குள் அவளுக்கு மிஞ்சியது இடி, பாரம் ஏற்றிய லாரி, மாரியம்மன் கோயில் பெரிய மேளம், தறி, அப்புறம் சடையப்பன் குரல்.

சடையப்பன் பாவு வண்டிக்காரன். நெசவுக்கு நீளவாட்டில் ஓடும் நூலைச் சுற்றிய இரும்பு உருளைகளை மில்லிலிருந்து டெம்போவில் ஏற்றிக் குடோன் குடோனாக இறக்குவது அவன் வேலை. பெண்டாட்டி செத்து ஒன்பது வருஷம்; ஒரே மகன் ஓசூரில் கம்பெனியில் இருந்தான். பாழுங்கிணற்றுக்குள் ஆட்டுரலை உருட்டினாற்போன்ற குரல் அவனுக்கு. அவன் தேவாரம் சொன்னால் விபூதித் தட்டு அதிரும் என்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவன் நாச்சாயி ஓட்டும் குடோனுக்கு வந்து, பாவை இறக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, “ஏனுங் அம்மிணி, சாப்டாச்சுங்களா?” என்பான். எட்டுத் தறி இரைச்சலில் அவள் திரும்பி, “ஆச்சுங். நீங்க?” என்பாள். மழை வந்தால் மழையைப் பற்றி, வராவிட்டால் வராததைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வாரத்தில் இரண்டு தரம், ஒரு தரத்துக்கு ஒரு நிமிடம். எட்டு வருஷமாக அவள் காதில் விழுந்து புரிந்த மனிதப் பேச்சு அவ்வளவுதான்.

“செவிட்டுகிட்ட என்ன சடையா பேச்சு? அதுக்கு நீ எறக்குன பாவுகிட்டப் பேசலாம்” என்று மேஸ்திரி கிண்டல் செய்வான்.

“பாவு பதில் சொல்லாதுங்களே” என்பான் சடையப்பன்.

தன் குரல் ஒன்றுதான் அவளுக்குக் கேட்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள் என்று நினைத்திருந்தான், தான் அவள் முதுகைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதை யோசிக்காமலேயே. அவளும் சொன்னதில்லை.

ஓர் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டதால் அந்த வருஷம் ஜூன் மாதம் நாச்சாயி கோயம்புத்தூருக்குப் போனாள். துணைக்குப் பக்கத்துத் தறி பாப்பாத்தி போனாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் உட்கார வைத்து, காதில் குமிழ் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னாள் காதுப் பரிசோதனைக்காரி ஜோஸ்னா. நாச்சாயி விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். மிஷின் இன்னும் எதையும் அனுப்பவில்லை. ஜோஸ்னா வேறு குமிழ் மாற்றினாள், அறையை மாற்றினாள், கடைசியில் நூல் கனத்தில் ஒரு மைக்கை நாச்சாயியின் காதுத் துவாரத்தில் வைத்து மறுமுனையைத் தன் காதில் வைத்தாள். டக்கடிக் டக்கடிக் என்று ஒரு ஊரே ஓடிக்கொண்டிருந்தது.

“தறிதானுங்க,” என்றாள் பாப்பாத்தி. “எங்களுக்கு மூணு நாள்ல போயிரும். இவளுக்குப் போறதில்லை. பழனிக்குப் போனாலும் மலையேறி வரும்.”

பகல் 12.10க்கு அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. பாப்பாத்தி ஊருக்குப் போன் போட்டுக் கேட்டாள். கரண்ட் போய்விட்டது என்றார்கள். 12.35க்குக் கரண்ட் வந்தது, காதிலும் வந்தது. ஜோஸ்னா கோப்பில் நேரத்தைக் குறித்து, ‘பின்னணி இரைச்சல்: கரட்டுவலசு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை செய்ய இருந்த டாக்டர் எஸ்தர் ஒரு காகிதத்தில் நத்தை ஓடு வரைந்தார். அவர் பேசியதைப் பாப்பாத்தி கையாலும் உதட்டாலும் நாச்சாயிக்குத் திருப்பிச் சொன்னாள்.

“உள்காது இப்படித்தாம்மா, சுருண்ட வீடு. வாசல் பக்கத்து ரூமெல்லாம் மெல்லிய சத்தத்துக்கு, கடைசி ரூம் கட்டைச் சத்தத்துக்கு. உங்க வலது காது எலும்பாவே ஆகிப்போச்சு, அதுல கம்பி நுழையாது. இடது காதுல முன் ரூமெல்லாம் இருட்டு, கடைசி ரூம்ல மட்டும் ஒரு விளக்கு எரியுது. நான் வாசல் வழியா கம்பியைக் கொண்டுபோய், இருட்டு ரூமுக்கெல்லாம் கரண்ட் குடுக்கணும். ரொம்ப மெதுவா, சுவத்துல படாமப் போனா அந்த விளக்கு அணையாது. பட்டா அணைஞ்சிரும். உங்களுக்குத் தறி ஓடறதால உள்ள தண்ணி ஆடிட்டே இருக்கு. ஓடற பஸ்ல ஊசி கோக்கற மாதிரி.” அவர் பேனாவை மூடினார். “நாப்பது நிமிஷம் தறி நின்னாப் போதும். நிக்கலைன்னாலும் ஆபரேஷன் பண்ணலாம். புதுசா எல்லாம் கேக்கும். பழசு போயிடும். அவ்வளவுதான்.”

“பழசு வேணுமுங்க,” என்றாள் நாச்சாயி.

“அதுல பேச்சே புரியாதேம்மா. போனா என்ன நஷ்டம்?”

பாப்பாத்தியின் கை ஆடி ஓய்ந்ததும் நாச்சாயி காகிதத்தில் இருந்த நத்தையின் கடைசிச் சுருளில் விரலை வைத்தாள்.

“ஒருத்தரு பேசறது புரியுமுங்க.”

யாருடையது என்று பாப்பாத்தியின் கை கேட்டது. நாச்சாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் எஸ்தர் யாரென்று கேட்கவில்லை. மிஞ்சியிருக்கும் செவித்திறனைக் காக்க வேண்டும் என்று எழுதி, இரண்டு தரம் அடிக்கோடு போட்டு, கரட்டுவலசு தறி முதலாளிகள் சங்கத் தலைவருக்கு ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

சங்கத் தலைவர் கொளந்தசாமி அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் இரண்டு தரம் படித்தார், முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை என்பதால். அவள் காதில் ஊர் ஓடுகிறது என்பதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகமெல்லாம் வேறு.

“எந்தெந்தத் தறின்னு எழுதியிருக்குதுங்களா?” என்று ஒருவர் எழுந்தார். “என்ற தறி வாய்க்கா மேட்டுல, கடைசிக் குடோன். அதுவுமா கேக்குது?”

“எல்லாத் தறியும்னு போட்டிருக்குது. எல்லாத் தறியும்னா உன்றதும்தான்.”

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். அதன்பிறகு ஆறு தறி வைத்திருப்பவரும் நான்கு தறி வைத்திருப்பவரும் கூட எழுந்து தங்கள் தறியும் கேட்கிறதா என்று உறுதி செய்துகொண்டார்கள்; விட்டுப்போனது என்று யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்று தலைவர் ஒவ்வொருவருக்கும் கேட்கிறது கேட்கிறது என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்.

“கூலிக்கு ஓட்டறவ காதுக்கு மொதலாளி தறி நிக்கோணுமாக்கும்?” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

வாசற்படியில் நின்றிருந்த பாப்பாத்திக்கு அது கேட்டுவிட்டது. “நிக்காட்டிப் போவுது போங்க. நாளைக்கு உங்க காதைத் தூக்கிட்டு இதே ஆஸ்பத்திரிக்குப் போவீங்கல்ல, அன்னிக்கு நாங்க கைதட்டிட்டு ஓட்டறோம்.”

பின்வரிசைக்காரர் என்ன சொன்னாள் என்று கேட்பதற்காகக் கையைக் காதில் குவித்தார். கூட்டத்தில் பாதிப் பேர் அதே நேரத்தில் அப்படித்தான் கையைக் குவித்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை இறக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

கரண்ட் ஆபீஸில் லைனை நிறுத்தித் தரச் சொல்லிக் கேட்டார்கள். மரம் வெட்ட, கம்பி மாற்ற, கோயில் தேர் போக என்று விதியில் பதினான்கு காரணம் இருப்பதாகவும் காது அதில் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே தறியைக் கையால் நிறுத்துவது என்றும், வீதிக்கு ஒருவர் பொறுப்பு என்றும், எல்லாம் நின்றதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய, சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன், பாவு இறக்காத குடோனே இல்லாதவன் என்று சடையப்பனைப் போடுவது என்றும் முடிவாயிற்று. சங்கத்து நோட்டிலிருந்து மூவாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு தறியையும் வீதிவாரியாக எழுதிக் கொடுத்தார்கள். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பாவு இறக்கப் போனபோது நாச்சாயி முதுகுக்குப் பின்னால் நின்று, “பயப்படாதீங் அம்மிணி. நான் பாத்துக்கறேன்” என்றான்.

அவள் திரும்பி, “நீங்கதான் பாக்கறீங்களா?” என்றாள். பிறகு, “அப்பச் செரிங்” என்றாள்.

அன்றைக்கு நின்றது. 10.20க்கு மாரியம்மன் கோயில் மைக்கில் தலைவர் சொல்ல, முதலில் கிழக்கு வீதியும் பிறகு ஒவ்வொரு வீதியாகவும் நின்று, ஜெனரேட்டர்கள் நின்று, நூல் சுற்றும் மிஷின்கள் நின்று, கரண்ட் போனால் ஜெனரேட்டரும் பொங்கலென்றால் மைக் செட்டும் இரைகிற ஊர், அறுபது வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னுடைய மற்ற சத்தங்களை வெளியே எடுத்தது. தொட்டில்களில் தூங்கிய குழந்தைகள் சத்தம் நின்றதால் விழித்து வீரிட்டன, ஒரு வீட்டுச் சண்டை இன்னொரு வீட்டுக்குக் கேட்டது, தண்ணீர்த் தொட்டியில் சொட்டும் குழாயை மூட நான்கு பேர் ஓடினார்கள், புருஷன் இவ்வளவு சத்தமாகச் சாப்பிடுவான் என்பது இருபது வருஷத்துக்குப் பிறகு ஒருத்திக்குத் தெரிந்தது. எல்லாரும் வீதிக்கு வந்து கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பேச வேண்டும் என்றால் மெல்லப் பேசலாம், ஆனால் யாருக்கும் மெல்லப் பேசத் தெரியவில்லை, ஆகவே பேசாமல் நின்றார்கள்.

“ஏனுங், இன்னும் ஒண்ணு எங்கியோ ஓடறாப்புல இருக்குதே?”

“அது உங்காதுல ஓடுது.”

“உங்களுக்குங்?”

“என்றதுலயும் ஒண்ணு ஓடுது.”

சிரித்தார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் அதுதான் நகைச்சுவை. எட்டு வீதியிலும் எட்டு விதமாக அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சடையப்பன் டெம்போவை எடுக்கவில்லை, அதுவும் சத்தம் என்று நடந்தே போனான். வீதிப் பொறுப்பாளர்கள் கை காட்டக் காட்டக் குடோன்களை எட்டிப் பார்த்து, பட்டியலில் டிக் போட்டு, எட்டாம் வீதியில் கடைசி டிக் போட்டுவிட்டு, 10.38க்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எல்லாம் நின்றுவிட்டது என்று சொன்னான். ஒரு நர்ஸ் போனை டாக்டர் எஸ்தர் காதுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். டாக்டர் அதற்குள் எலும்பில் வழி செய்து, உள்காதின் வாசலைத் திறந்து, கம்பியின் முனையை வாசலில் வைத்துக் காத்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் நீர் அடங்கியிருந்தது. முழுக்க அடங்கவில்லை. சீரான இடைவெளியில் ஒரு சின்ன நடுக்கம் வந்து வந்து போனது.

“இன்னும் ஒண்ணு ஓடுதா?” என்று கேட்டார் டாக்டர்.

சடையப்பன் நின்ற இடத்தில் நின்று காது கொடுத்தான். இடது பக்கம் ஓட்டு வீடு ஒன்று, சுற்றிலும் மண்சுவர், கதவு சாத்தியிருந்தது. டக்கடிக் டக்கடிக் என்றது. அவன் உள்ளங்கையால் காதை இரண்டு தட்டு தட்டினான். அப்போதும் டக்கடிக் என்றது. பட்டியலைப் பார்த்தான். எட்டாம் வீதியில் எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது.

“இல்லீங் டாக்டர். அது காதுல ஓடறதுங்க.”

“யார் காதுல?”

“எங்காதுலதானுங்க. நின்ன தறின்னு சொல்லுவோம். எங்கூர்ல எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க.”

திறந்த காதை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. டாக்டர் எஸ்தர் மூச்சை அடக்கி, கம்பியை உள்ளே செலுத்தத் தொடங்கினார். ஒரு அரிசி நீளத்துக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில். கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் வந்து, 11 மணிக்கு ஊரில் மைக் சொல்ல, மூவாயிரத்து அறுநூற்றுப் பதினான்கும் ஓடத் தொடங்கின. ஊருக்கு அப்பாடா என்றிருந்தது.

செப்டம்பர் 14ஆம் தேதி காதுக்கு வெளியே மாட்டும் மிஷினைக் கொடுத்து ஜோஸ்னா கரண்டை ஏற்றினாள். நாச்சாயிக்கு எல்லாம் கேட்டது. வளையல், நாற்காலி நகர்வது, பக்கத்து அறையில் யாரோ காகிதம் கிழிப்பது. பேச்சுக் கேட்டது, தகரத்தில் எறும்பு நடப்பது போல ஒரே மாதிரி, ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாமல். பிறகு மிஷினைக் கழற்றிவிட்டுப் பஞ்சு அறையில் உட்கார வைத்துப் பட்டனைக் கையில் கொடுத்தார்கள். அவள் அமுக்கவேயில்லை. மைக்கை வைத்துக் கேட்டாள் ஜோஸ்னா, தறியும் இல்லை. டாக்டர் எஸ்தர் அவள் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணு ஓடியிருக்கும்மா,” என்றார். “முக்கால்வாசி வரைக்கும் நல்லாப் போச்சு. கடைசி வளைவுல பட்டிருச்சு.”

நாச்சாயி மிஷினை மாட்டிக்கொண்டு, “திருப்பி எரியுமுங்களா?” என்று கேட்டாள்.

“அது எரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். இப்பக் கேக்கற குரலெல்லாம் இப்படியே இருக்காது. ஒரே ஆள் பேசறதை நாள் தவறாம ஒரு வருஷம் கேட்டா, மூளையே பழைய குரலை அதுமேல போத்திரும். நிறையப் பேருக்கு ஆகியிருக்கு.” அவர் எழுந்தார். “அந்த ஆள் பேசணும், அவ்வளவுதான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வாசலில் காலையிலேயே ஊர் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் கொடுத்தவர்கள் எல்லாரும் தங்கள் நாற்பது நிமிடம் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார்கள். எட்டு வருஷமாக அவளைப் பார்த்தால் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்து, “நான் பேசறது கேக்குதா?” என்று கத்தினார்கள். ‘கேக்குதுங்’ என்றாள். ‘என்றது?’ ‘கேக்குதுங்க்கா.’ ‘என்ற தறி நின்னதுனாலதான் கேக்குது, தெரியுமுல்ல?’ ‘தெரியுமுங்.’ மிஷினுக்குப் பழகாத தலை வலித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினாள். வரிசையில் ஒருவர் நின்று, “ஏனுங் அம்மிணி, சாப்டாச்சுங்களா?” என்றார்.

“கேக்குதுங். நல்லாக் கேக்குதுங். அடுத்து யாருங்?” என்றாள் நாச்சாயி.

யாரும் பேசாததால் கண்ணைத் திறந்தாள். சடையப்பன் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னொருக்காச் சொல்லுங்,” என்றாள்.

அவன் சொன்னான். இன்னொரு தரம் கேட்டாள், இன்னொரு தரம் சொன்னான். கொளந்தசாமி பேசியதற்கும் பாப்பாத்தி பேசியதற்கும் நடுவில் எங்கோ அதே எறும்பு நடந்தது. பின்னால் நின்றவர்கள், எத்தனை தடவைதான் கேட்பான், அவன் கொடுத்ததும் அதே நாற்பது நிமிடம்தானே என்று சத்தம் போட்டார்கள்.

“கேக்குதுங்,” என்றாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஒன்பது நாள் பெய்தது. எட்டாம் வீதிக் கடைசியில் ஓட்டு வீட்டின் மண்சுவர் விழுந்தபோது உள்ளே ஒற்றைத் தறி தெரிந்தது. சங்கத்து நோட்டில் அது ஆறு வருஷத்துக்கு முன்பே பழைய இரும்புக்குப் போனதாக இருந்தது. அதை ஓட்டியவர், மில்லில் கழித்துப் போட்ட மிச்சப் பாவை வாங்கிச் சங்கத்துக்குத் தெரியாமல் ஓட்டிப் பிழைத்த ஒரு கிழவர். சங்கத்தில் அவரை நிறுத்திக் கேட்டார்கள்.

“மைக்குல சொன்னது கேட்டுதா இல்லியா?”

“கேட்டுதுங்க. நோட்டுல இருக்கற தறியெல்லாம் நிறுத்தோணும்னு சொன்னீங்க. என்றதுதான் நோட்டுலயே இல்லீங்களே.”

“ஓடுனா அவளுக்குக் கேக்குமுல்ல?”

“இல்லாத தறி எப்படிங்க கேக்கும்?” என்றார் கிழவர், உண்மையாகவே புரியாமல்.

அந்தத் தறியை நோட்டில் ஏற்றி மூவாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து என்று திருத்தினார்கள். எங்கியோ ஒன்று ஓடுகிறது என்று தான் அன்றே சொன்னதாக எட்டு வீதியிலும் எண்பது பேர் சொல்லிக்கொண்டார்கள், அது உண்மையும்தான்.

அன்று சாயங்காலம் சடையப்பன் லைன் வீட்டுக்கு வந்தான். வாசலுக்கு வெளியே செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான்.

“நான் கேட்டனுங் அம்மிணி. அந்தச் சுவத்துக்குப் பக்கத்துலதான் நின்னேன். டாக்டரம்மா கேட்டாங்க. காதுல ஓடறதுன்னு சொல்லிட்டேன்.”

நாச்சாயி அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “எல்லாத்துக்கும் அப்படித்தானுங்,” என்றாள்.

“அந்தப் பழசு போயிருச்சுன்னு பாப்பாத்தி சொல்லுச்சு.”

“ஆமாங்.”

“அதுல என்னங் இருந்துச்சு?”

மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுவதும் மிஷினில் கேட்டது, அவன் மூச்சு வாங்குவதும் கேட்டது.

“தறிதானுங்,” என்றாள் நாச்சாயி.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் குடோனுக்கு வேறு வண்டி வந்தது, வேறு ஆள் பாவை இறக்கினான். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சடையப்பன் கிழக்கு வீதிப் பக்கம் மாற்றிக்கொண்டதாக மேஸ்திரி சொன்னான். முன்போல அவளுக்குக் கையால் சொல்லாமல், வாயாலேயே சொன்னான். தையில் ஒருநாள் தறி விட்டதும் அவள் மிஷினை மாட்டிக்கொண்டு, கிழக்கு வீதி தாண்டி, மில்லுக்கு எதிரில் டெம்போ நிற்கும் இடத்துக்கு நடந்து போனாள். சடையப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“டாக்டரம்மா தெனமும் பேச்சுக் கேக்கச் சொல்லியிருக்கறாங்க,” என்றாள்.

“ஊரே பேசுதுங்களே அம்மிணி,” என்றான் சடையப்பன், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் பேசி என்னங் ஆச்சு? பேசுனதுனாலதான் இந்த வெனையே.”

அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் அது கத்திச் சொல்லும் வாக்கியமும் அல்ல, கையால் சொல்லும் வாக்கியமும் அல்ல, கரட்டுவலசில் வேறு வழியில் யாரும் எதையும் சொல்லிப் பழகவில்லை. மில்லுக்குள் சங்கு ஊதியது.

“ஆமாங். ஊரே பேசுது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஊர் பேசிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், குடோன் வாசலில் அவளைப் பார்த்தவர்களெல்லாம் பேசினார்கள். தங்கள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னார்கள். மூன்று மாதத்தில் அவளுக்கு அவர்களில் சிலர் குரல் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. பாப்பாத்தி குரல் தெரிந்தது, மேஸ்திரி குரல் தெரிந்தது, கொளந்தசாமி குரல் கூட, பழையபடி இல்லாவிட்டாலும், கொளந்தசாமி குரலாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தால் ஒன்றுமே இல்லை. இடி இல்லை, லாரி இல்லை, தறி இல்லை. கரட்டுவலசில் நின்ன தறி ஓடாத காது அது ஒன்றுதான். கோயில் மேளம் வீதியில் வந்தால் அவள் கையைத் தகரக் கதவில் வைத்து அது அதிர்வதைப் பார்ப்பாள்.

2020 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை சடையப்பன் டெம்போவை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு, ஓசூரில் மகன் வீட்டுக்குக் குடிபோனான். நாச்சாயி அன்று கோயம்புத்தூரில் பரிசோதனை அறையில் இருந்தாள். ஒலிப்பெட்டியில் ஓர் ஆண் குரல் படித்த இருபத்தைந்து சொற்களில் இருபத்திரண்டைச் சரியாகத் திருப்பிச் சொன்னாள் என்று கோப்பில் இருக்கிறது.